மைனஸ் 4 டிகிரியில் பிளேஆஃப் பார்ப்பது எப்படி

பென் ஸ்டேட் (பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அமெரிக்க ஃபுட்பால் அணியின் ரசிகர்களுக்கு டிசம்பர் என்றால் டிவி மாதம். சொந்த ஊர் ஆட்டங்கள் நவம்பரோடு முடிந்துவிடும். பிறகு வரும் பவுல் ஆட்டங்கள் (சீசன் கடைசியில் பொது ஊரில் நடக்கும் சிறப்பு ஆட்டங்கள்) பெரும்பாலும் ஃப்ளோரிடா, அரிசோனா மாதிரி வெயில் ஊர்களில்தான். 2024-இல் பிளேஆஃப், அதாவது கல்லூரி சாம்பியனைத் தீர்மானிக்கும் நாக் அவுட் போட்டி, 12 அணிகளாக விரிந்ததும் கதை மாறியது. பிளேஆஃபுக்கான வரிசைப்படுத்தலில் 5 முதல் 8 வரை இருக்கும் அணிகள் முதல் சுற்றைத் தங்கள் ஊரிலேயே ஆடலாம். அப்படித்தான் டிசம்பர் 21 சனிக்கிழமை மதியம், டாலஸிலிருந்து எஸ்.எம்.யூ. (சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம்) அணி எங்கள் ஊரான ஸ்டேட் காலேஜுக்கு வந்து இறங்கியது. குளிர் மைனஸ் 4 டிகிரி அளவில்.

பெரிய ஜாக்கெட், உள்ளே இரண்டு தெர்மல், குல்லாய். இது போதும் என்று நினைத்துத்தான் போனேன். இந்த ஊரில் பல குளிர்காலம் பார்த்தவன் என்ற மிதப்பு வேறு. ஆனால் பஸ் ஸ்டாப்புக்குப் பத்து நிமிடம் நடக்கும் குளிர் வேறு, மூன்றரை மணி நேரம் உட்காரும் குளிர் வேறு. நடந்தால் உடம்பு தானே சூடாகும். உட்கார்ந்தால் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும், அதுவும் கீழ்வழியாக. பீவர் ஸ்டேடியத்தில் அப்போது 1,06,572 பேர் உட்காரலாம். நம்மைப் போன்ற சாதாரண டிக்கெட்காரர்களுக்கு அலுமினிய பெஞ்சுதான். உட்கார்ந்த இடமும் கால் வைத்த தரையும் சூட்டை உறிஞ்சி எடுத்துவிடும்.

இரண்டாவது குவார்ட்டரில் என் கால்விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துக் காலடியில் விரித்திருந்தார். நான் காலை மாற்றி மாற்றி உதைப்பதைத் திரும்பிப் பார்த்தவர், ஒன்றும் சொல்லாமல் பாதியைக் கிழித்துப் பின்னால் தள்ளினார். பத்து நிமிடத்தில் வித்தியாசம் தெரிந்தது. எனவே முதல் வேலை: ஒரு அட்டை, கூடவே உட்கார ஒரு ஃபோம் குஷன். குஷன் அளவுக்கும் பைக்கும் ஸ்டேடியத்தில் விதிகள் உண்டு. கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள், வாசலில் வாக்குவாதம் செய்து பயனில்லை.

சாக்ஸ் விஷயத்தில் நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். இரண்டு காட்டன் சாக்ஸைத் திணித்துக்கொண்டு போனேன். காட்டன் வியர்வையைப் பிடித்து ஈரமாகிவிடும். ஷூ இறுகினால் ரத்தமும் ஓடாது. கம்பளி சாக்ஸ் ஒன்று, விரலை அசைக்க இடமுள்ள பூட்ஸ் ஒன்று, அவ்வளவுதான். பாக்கெட்டில் வைக்கும் ஹேண்ட் வார்மருக்குள் இருப்பது இரும்புத்தூள். அது காற்றுபட்டுத் துருப்பிடிக்கும்போதுதான் சூடு வரும். ஆகவே உறையைப் பிரித்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் உள்ளே வையுங்கள். தோலில் நேரடியாக ஒட்டாதீர்கள், கொப்பளித்துவிடும். ஷூவுக்குள் வைக்கக் கால்விரலுக்கென்றே தனியாக விற்கிறார்கள்.

அன்று ‘ஒயிட் அவுட்’, ஸ்டேடியம் முழுக்க வெள்ளை உடுத்த வேண்டிய நாள். வெள்ளை ஜாக்கெட் தேடி அலையாதீர்கள். உங்கள் அளவைவிட இரண்டு அளவு பெரிய வெள்ளை டீ-ஷர்ட்டை ஜாக்கெட்டுக்கு மேலே மாட்டினால் போதும். பார்க்க மாவு மூட்டை மாதிரி இருப்பீர்கள், பக்கத்தில் இருப்பவரும் அப்படித்தான் இருப்பார். பனியோ மழையோ வந்தால் குடைக்கு அனுமதி இல்லை. தலைவழியே மாட்டும் மலிவான பிளாஸ்டிக் மழை அங்கி (பாஞ்சோ) காற்றையும் தடுக்கும்.

உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் கொண்டுபோன ஆள் நான். 24 டிகிரிக்குக் கீழேயே உறைகிற சமாசாரம், மைனஸில் கல். வாசலின் வாங்குங்கள். டிக்கெட் போனில்தான் இருக்கும், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். அதனால் போன் வெளிப்பையில் வேண்டாம், நெஞ்சோடு ஒட்டிய உள்பையில் இருக்கட்டும்.

டெயில்கேட்டில் (ஆட்டத்துக்கு முன் பார்க்கிங்கில் வண்டியருகே நடக்கும் விருந்து) பீர் குடித்தால் சூடாகும் என்பார்கள். சூடாவது போலத் தோன்றும், அவ்வளவுதான். ரத்தநாளம் விரிந்து உள்சூடு வெளியே போய்விடும். நான் ஃப்ளாஸ்கில் மிளகு ரசம் கொண்டுபோனேன். பக்கத்து வண்டிக்காரர் ஒரு வாய் குடித்து இருமிவிட்டு, இன்னொரு கப் கேட்டார்.

உள்ளே போனபின் உட்கார்ந்தே இருக்காதீர்கள். “வீ ஆர்” என்று ஒரு பக்கம் கத்தும்போது எழுந்து “பென் ஸ்டேட்” என்று கத்துவதும் வைத்தியம்தான். விரல் மரத்துப்போய் வெளுத்திருந்தால் மட்டும் வீரம் வேண்டாம். தேய்க்காமல் அக்குளில் வைத்துக்கொண்டு உள்ளே கதகதப்பான இடத்துக்குப் போங்கள். உணர்ச்சி திரும்பாவிட்டால் முதலுதவிக்காரர்களிடம் காட்டுங்கள்.

முதல் பாதியிலேயே எதிரணி எறிந்த பந்தை எங்கள் ஆட்கள் இடைமறித்துப் பிடித்த இரண்டு இன்டர்செப்ஷன்கள் நேராக டச் டவுனாகி (பந்தோடு எல்லைக்கோட்டைக் கடந்து எடுக்கும் புள்ளி), எங்களுக்கு 28-0 ஆனபோது, கிளம்பிவிடலாமா என்று என் கால் கேட்டது. அட்டை இருந்ததால் தங்கினேன். 38-10 வரை பார்த்துவிட்டு வண்டிக்கு வந்து, சீட்டுக்கு அடியில் வைத்திருந்த காய்ந்த சாக்ஸை நிதானமாக மாற்றினேன். எப்படியும் ஒரு மணி நேரத்துக்கு அந்த பார்க்கிங் நகராது.