வளர்ந்துவிட்ட நோபிதாவைப் பார்ப்பது எப்படி: ஜப்பானின் கார்ட்டூன் கேலி விளம்பரங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானிய டிவி விளம்பரம் என்றாலே "இவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று தலைப்புப் போட்டு, பத்து வீடியோவை ஒட்டிச் சுற்றில் விடுவது வழக்கம். சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம், தப்பில்லை. ஆனால் அந்தக் குவியலுக்குள் ஒரு தனி ரகம் இருக்கிறது. ஜப்பானியர்கள் சின்ன வயதில் பார்த்து வளர்ந்த கார்ட்டூனை எடுத்து, அதிலுள்ள ஆட்களை முப்பது வயதாக்கி, அல்லது அவர்கள் வாயில் வேறு வசனத்தைத் திணித்து, கடைசி இரண்டு நொடியில் கார், சாக்லேட், நூடுல்ஸ் என்று எதையாவது விற்றுவிடுவார்கள். மூலம் தெரியாமல் பார்த்தால் வெறும் கிறுக்கு. தெரிந்து பார்த்தால், ரொம்பக் கணக்காகப் போட்ட கிறுக்கு.

அந்தக் கணக்கைப் பிடிக்க வேண்டுமானால், மூலக் கதையில் எது மாறவே மாறாதோ அதை முதலில் கண்டுபிடியுங்கள். நீண்ட காலம் ஓடிய எந்தக் கார்ட்டூனுக்கும் எழுதாத சட்டம் ஒன்று இருக்கும்: இந்தப் பையன் என்றைக்கும் பள்ளிக்கூடப் பையன், இந்தக் குழந்தை என்றைக்கும் கைக்குழந்தை. விளம்பரக்காரர்கள் அந்த ஒன்றை மட்டும் உடைத்துவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிடுவார்கள். எல்லாவற்றையும் உடைத்தால் யாரென்றே தெரியாமல் போய்விடும். அங்கே சாதாரண விளம்பரத்தின் நீளமே 15 நொடிதான், ஆளை அறிமுகப்படுத்த நேரம் கிடையாது. ஊருக்கே தெரிந்த ஆளைக் கொண்டுவந்தால் அந்த வேலை மிச்சம்.

டோரேமானில் ஆரம்பியுங்கள், பள்ளிப் பையன் நோபிதாவுக்கு உதவ எதிர்காலத்திலிருந்து வந்த பூனை ரோபோவின் கதை, பலருக்கும் கொஞ்சமாவது தெரிந்தது. டொயோட்டா 2011 இறுதியில் தொடங்கிய விளம்பரத் தொடர், கார்ட்டூன் நடக்கும் காலத்துக்கு இருபது ஆண்டு கழித்து நடக்கிறது. கார்ட்டூன் கிடையாது, நிஜ நடிகர்கள். நோபிதாவாக சதோஷி த்சுமாபுகி. முப்பது வயது ஆகியும் ஓட்டுநர் உரிமம் இல்லாதவன். நீலப் பூனை ரோபோவாக வருவது பிரெஞ்சு நடிகர் ழான் ரெனோ. பெரும்பாலானோர் இந்த இடத்திலேயே சிரித்து முடித்துவிடுகிறார்கள், ஆனால் நல்ல சரக்கு ஓரத்தில்தான் இருக்கிறது. முரடன் ஜையானாக வருபவர் நயோயா ஒகாவா, 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஜூடோ வெள்ளிப் பதக்கம் வாங்கிவிட்டு மல்யுத்த மேடைக்குப் போனவர். ஜையானின் தங்கை ஜைக்கோவாக அட்சுகோ மயேதா, அந்தச் சமயத்தில் நாட்டின் உச்சப் பாட்டுக் குழுவின் முகம். மூலக் கதையின் முதல் அத்தியாயத்தில் நோபிதாவுக்குக் கிடைக்கும் கெட்ட செய்தியே, எதிர்காலத்தில் உன் மனைவி ஜைக்கோ என்பதுதான். அவன் அலறியடித்துத் தப்பிக்கப் பார்த்த அந்தப் பெண்ணாக நாடே கொண்டாடும் நட்சத்திரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். யாரும் அதை விளக்க மாட்டார்கள், நீங்களாகத்தான் பிடிக்க வேண்டும்.

இன்னொரு கேள்வியையும் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள்: நினைத்த இடத்துக்குத் திறக்கும் கதவையும் தலையில் மாட்டிப் பறக்கும் காத்தாடியையும் வயிற்றுப் பையில் வைத்திருப்பவனின் நண்பனுக்குக் கார் எதற்கு? ஜப்பானிய இளைஞர்களுக்குக் கார் மேல் ஆசை விட்டுப்போகிறது என்று அப்போது அங்கே பெரிய பேச்சு. அந்தக் கவலையில் இருந்த நிறுவனம், காரே தேவைப்படாத உலகத்தின் கதையைக் கடன் வாங்கியது துணிச்சல்தான். பிறகு 5ஜி வந்தபோது சாஃப்ட்பேங்க் தொலைபேசி நிறுவனம் இதே பூனை வேடத்தை ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸுக்குக் கொடுத்தது. அது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. முதல் தடவை சிரிப்பு, இரண்டாவது தடவை வழக்கம்.

அடுத்தது சசாயே-சான். இதற்குக் கொஞ்சம் வீட்டுப்பாடம் வேண்டும், விளம்பரத்துக்கு முன் மூலத்தில் ஒரு பகுதியாவது பார்த்துவிடுங்கள். மச்சிகோ ஹசெகாவா 1946-இல் நாளிதழில் வரையத் தொடங்கிய நான்கு கட்டச் சித்திரக் கதை, 1969 அக்டோபரிலிருந்து ஞாயிறு மாலை டிவியில் ஓடிக்கொண்டே இருக்கிறது, உலகிலேயே மிக நீண்ட காலம் ஓடும் அனிமேஷன் தொடர் என்று கின்னஸ் பதிவும் உண்டு. மூன்று தலைமுறை ஒரே வீட்டில், சண்டை, சாப்பாடு, சமாதானம். யாருக்கும் வயதாவதில்லை. அந்தத் தொடர் முடிந்தால் வார இறுதியும் முடிந்தது, நாளைக்கு வேலை என்று மனது கனப்பதற்கு அங்கே "சசாயே-சான் நோய்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் 2008-இல் கிளிகோ நிறுவனம் 25 ஆண்டுகளைக் கொட்டியது. பெரியவர்களுக்கான சாக்லேட் விளம்பரம். குறும்புப் பையன் கட்சுவோவாகத் தடானோபு அசானோ, தங்கை வக்காமேயாக ரியே மியசாவா, குட்டிப்பையன் தாராவாக எய்தா, "ஹாய்", "பாபூ" மாதிரி ஒருசில சொற்களைத் தாண்டி எதுவும் பேசத் தெரியாத கைக்குழந்தை இக்குராவாக ஷுன் ஒகுரி. என் கணக்கில் இந்த ரகத்திலேயே சிறந்தது இதுதான். இதில் ஒருவரும் கோமாளித்தனம் செய்வதில்லை. நல்ல உடை, அமைதியான பேச்சு, ஏதோ கலைப்படம் போல. பார்க்கிறவர் மனதுதான், அந்தக் குழந்தையா இவன், என்று தானாகக் கூட்டிக் கழித்து அதிர்கிறது. கட்டாயம் இரண்டு தடவை பாருங்கள்: முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டு முகங்களை மட்டும், அப்புறம் சத்தத்தோடு. தானியங்கி வசன மொழிபெயர்ப்பை நம்பி உட்காராதீர்கள், இவ்வளவு சின்ன வசனங்களில் அது உளறுவதுதான் அதிகம்.

மூன்றாவது வழி மலிவானது, வாய்விட்டுச் சிரிக்க வைப்பதும் அதுதான்: பழைய படத்துண்டுகளை அப்படியே எடுத்துப் புது வசனம் பேசுவது. வீட்டுக்கு வந்து பாடம் சொல்லித்தரும் ஆசிரியர்களை அனுப்பும் ட்ரை என்ற நிறுவனம், 1974-இன் ஹைடி தொடரை வைத்து 2012 முதல் இதைச் செய்கிறது. இசாவோ தகாஹாதா இயக்கிய 52 வாரக் காவியம் அது. ஆல்ப்ஸ் மலை, ஆட்டுக்குட்டிகள், தாத்தா, சக்கர நாற்காலியிலிருந்து ஹைடியின் தோழி கிளாரா எழுந்து நிற்கும் அந்தக் காட்சி. ஜப்பானில் அதைப் பார்த்துக் கண்கலங்கிய தலைமுறையே உண்டு. அதே முகங்கள் இப்போது மதிப்பெண்ணையும் டியூஷனையும் பற்றி அரட்டை அடிக்கின்றன. இது எப்படி இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்று யோசித்தால், அந்தக் கால டிவி அனிமேஷனில் செலவைக் குறைக்க உதட்டசைவை ஒருசில நிலைகளில் மட்டும்தான் வரைவார்கள். வாய் திறக்கும், மூடும், அவ்வளவுதான். அதனால் எந்த வசனத்தை ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும். பார்க்கும்போது பின்னணியைக் கவனியுங்கள்: மலையும் மேகமும் காவியமாகவே இருக்க, பேச்சு மட்டும் தெருவுக்கு இறங்கிவிடும்.

நிஸ்ஸின் கப் நூடுல்ஸ் 2017-இல் செய்தது வேறு மாதிரி. கிகி என்ற குட்டிச் சூனியக்காரி, ஹைடி, சசாயே எல்லோரையும் இன்றைய பள்ளி மாணவர்களாகப் புதிதாக வரைந்து, பம்ப் ஆஃப் சிக்கன் குழுவின் பாட்டைப் பின்னால் ஓடவிட்டு, காதல் கதை ஆக்கினார்கள். 2019-இல் ஒன் பீஸ் என்ற கடற்கொள்ளையர் கார்ட்டூனின் ஆட்களும் அதே வகுப்பறைக்கு வந்து சேர்ந்தார்கள். கண்ணுக்கு அழகு, கேலி குறைவு. அவசரமில்லாத நாளில் பாருங்கள்.

கார்ட்டூனைத் தாண்டிப் போக ஆசை இருந்தால் ஏயு தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரங்கள். 2015-இலிருந்து பீச் பழத்தில் பிறந்த மொமோதாரோ, ஆமை மேல் கடலுக்குள் போன உராஷிமா, கரடியோடு மல்லுக்கட்டிய கிந்தாரோ என்று பாட்டி கதை வீரர்கள் மூவரும் அதில் வெட்டி அரட்டை நண்பர்கள். இங்கேயும் உடைவது ஒரே சட்டம்தான்: மூலத்தில் இவர்கள் ஒருவரை ஒருவர் சந்திப்பதே இல்லை.

இனி, எது உண்மையான விளம்பரம், எது யாரோ வீட்டில் ஒட்டியது என்று பிரிப்பது. திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் காப்புரிமைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானியக் காப்புரிமைச் சட்டத்தில் கேலிக்கென்று தனி விலக்கு கிடையாது. யாரோ எடுத்த பனிச்சறுக்குப் புகைப்படத்தில் ராட்சத டயரை ஒட்டிய ஒரு கேலிப்படம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1980-இல் ஒட்டியவருக்கு எதிராகத் தீர்ப்பானது. ஆகவே டிவியில் வருகிற இந்தக் கேலியெல்லாம் உரிமையாளரிடம் அனுமதி வாங்கிச் செய்தவை. எவ்வளவு கிண்டல் செய்தாலும் மூலப் பாத்திரத்தைக் கேவலப்படுத்தாமல் ஒரு எல்லையில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தேடுவதற்கு ஜப்பானிய மொழி தெரிய வேண்டியதில்லை. விக்கிப்பீடியாவில் அந்தத் தொடரின் பக்கத்தைத் திறந்து, மொழிப் பட்டியலில் ஜப்பானியத்துக்கு மாறி, தலைப்பை அப்படியே நகலெடுத்து யூடியூபில் ஒட்டுங்கள். பக்கத்தில் சி, எம் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேருங்கள், விளம்பரத்தை அங்கே சி.எம். என்றுதான் சொல்கிறார்கள். நிறுவனப் பெயரையும் சேர்த்தால் இன்னும் சுத்தமாக வரும். 15 நொடிப் பதிப்பும் 30 நொடிப் பதிப்பும் இருந்தால் 30-ஐ எடுங்கள், நகைச்சுவை மூச்சு விட இடம் இருக்கும்.

நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் பழைய விளம்பரம் இல்லையே என்று குழம்ப வேண்டாம். நடிகரோடு போட்ட ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வீடியோவை எடுத்துவிடுவது அங்கே சகஜம். அதனால் பிடித்துப்போன விளம்பரத்தின் ஆண்டையும் நிறுவனப் பெயரையும் அப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு செத்துப்போனாலும் அந்த இரண்டை வைத்து வேறு பிரதியைத் தேடிப் பிடித்துவிடலாம்.