அறுபதுகளின் ஃபெண்டர் பேஸ் கிட்டார்: அசலா என்று பார்ப்பது எப்படி?

‘1963 மாடல். எல்லாமே ஒரிஜினல்’ என்கிறார் விற்பவர். கேட்கும் விலையில் ஒரு கார் வாங்கிவிடலாம். இப்படியொரு பேஸ் கிட்டாரை முதல் முறை கையில் எடுப்பவருக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது. நான் ஒரு பேஸைப் பார்க்கும் வரிசையை அப்படியே இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் செய்த ப்ரிசிஷன், ஜாஸ் ஆகிய இரண்டு மாடல்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். போலியும் ஒட்டுப்போட்டதும் அதிகம் உலவுவது இவற்றில்தான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஃபெண்டர் பேஸ் பாகம் பாகமாகக் கழற்றி மாட்டும்படி செய்யப்பட்டது. நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் அடிப்படையில் ரேடியோ ரிப்பேர்காரர். நெக்கை, அதாவது கிட்டாரின் நீண்ட கழுத்தை, பாடி என்கிற உடல் பகுதியோடு ஒட்டாமல் நான்கு ஸ்க்ரூவால் முடுக்கினார். பழுதானால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதே வசதி ஏமாற்றுபவர்களுக்கும் கைகொடுக்கிறது. 1962 நெக், 1971 பாடி, நேற்று வாங்கிய பிக்அப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்) மூன்றையும் சேர்த்து ஒரு ‘1962 பேஸ்’ செய்துவிட முடியும். அதனால் ‘இந்தக் கிட்டாருக்கு என்ன வயது?’ என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு பாகத்தின் வயதையும் தனித்தனியாகக் கண்டுபிடியுங்கள். அப்புறம் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

படி 1: கழற்றுவதற்கு முன், பார்வை

ப்ரிசிஷன் பேஸ் 1951 கடைசியில் வந்தது. ஸ்கேல் நீளம், அதாவது கம்பி அதிரும் நீளம், 34 அங்குலம். விரல்பலகையில் 20 பிரெட் (குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்). 1957இல் பெரிய மாற்றம்: பிக்அப் இரண்டு துண்டாகப் பிரிந்தது, நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் பெரிதானது, பாடியின் முகப்பைக் காக்கும் பிக்கார்டு தங்க நிற அலுமினியத்தில் வந்தது. 1959 வாக்கில் அந்தத் தங்க நிறம் போய் ஆமை ஓட்டு நிறம் வந்தது. அதே காலத்தில்தான் மேப்பிள் விரல்பலகைக்குப் பதில் ரோஸ்வுட் வந்தது. ஜாஸ் பேஸ் பிறந்தது 1960இல். முதல் இரண்டு வருட ஜாஸ் பேஸ்களில் ஒலியைச் சரிசெய்யும் குமிழ்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கும். 1962 முதல் மூன்று தனிக் குமிழ்கள்.

ரோஸ்வுட் விரல்பலகையைப் பக்கவாட்டில் பாருங்கள். 1959 முதல் 1962 நடுப்பகுதி வரை அது கனமான பலகை. நெக்கோடு சேரும் கோடு நேராக இருக்கும். அதற்குப் பிறகு அடிப்புறம் வளைந்த மெல்லிய பலகை. சேரும் கோடும் வில்லாக வளையும். ‘1963’ என்று சொல்லும் பேஸில் கோடு நேராக இருந்தால் அங்கேயே கேள்வி எழ வேண்டும். பிரெட் இடைவெளிப் புள்ளிகளையும் கவனியுங்கள். 1964 கடைசி வரை மங்கிய களிமண் நிறப் புள்ளிகள், பிறகு முத்துப் பளபளப்பு.

ஒரு சின்ன அடையாளம் எனக்குப் பிடித்தமானது. பிக்கார்டில் விரல் பிடித்துக்கொள்ள ஒரு கட்டை இருக்கும். 1974க்கு முன்னால் அது மெல்லிய கம்பியின் பக்கம். பிறகு தடித்த கம்பியின் பக்கம். கட்டையை எடுத்துவிட்டாலும் ஸ்க்ரூ ஓட்டைகள் எங்கே போகும்?

படி 2: சீரியல் எண்

புதியவர்கள் எல்லோரும் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் இதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் கொடுப்பதில்லை. 1954 முதல் 1976 வரை எண் இருப்பது பின்புற நெக் பிளேட்டில், அதாவது நெக்கை முடுக்கும் நான்கு ஸ்க்ரூக்கள் செல்லும் உலோகத் தகட்டில். 1962 கடைசியிலிருந்து 1965 வரை ‘எல்’ எழுத்தில் தொடங்கும் எண்கள். அதன்பின் பெரிய ‘எஃப்’ பொறித்த பிளேட்டுகள். 1976இல் எண் ஹெட்ஸ்டாக்குக்கு மாறியது. தொழிற்சாலையில் பிளேட்டுகளைப் பெட்டியிலிருந்து கைக்கு வந்தபடி எடுத்து மாட்டினார்கள், வரிசையாக இல்லை. எண்ணை வைத்துத் தோராயமான காலத்தைத்தான் சொல்லலாம். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் பிளேட்டும் கையோடு வந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

படி 3: நெக்கைக் கழற்றுங்கள்

உரிமையாளரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். மறுத்தால் விலை பேசாதீர்கள்.

கம்பிகளை நன்றாகத் தளர்த்துங்கள். மேசையில் ஒரு டவலை விரித்துக் கிட்டாரைக் கவிழ்த்து வையுங்கள். ஸ்க்ரூவின் தலையில் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள். அறுபது வருடம் அசையாத ஸ்க்ரூவின் தலை, அளவு தவறிய முனையில் ஒரே சுற்றில் தேய்ந்துவிடும். கழற்றிய நான்கையும் எந்த மூலையில் இருந்தனவோ அதே அமைப்பில் டவலில் வையுங்கள். நெக்கை இழுக்காமல் மெல்ல அசைத்தால் தானாக விடும்.

இப்போது நெக்கின் அடிமுனையைப் பாருங்கள். 1962 தொடக்கம் வரை பென்சிலில் எழுதிய மாதமும் வருடமும். அதன்பிறகு ரப்பர் முத்திரை. தேதியே இல்லாத நெக்குகளும் உண்டு, குறிப்பாக 1959, 60 வாக்கில். முத்திரை ‘5 நவம்பர் 63 சி’ என்பதுபோல இருக்கும். இதை நவம்பர் 5ஆம் தேதி என்று படிப்பவர்கள் நிறையப் பேர். முதல் எண் நாள் இல்லை, மாடலின் குறியீடு: 5 என்றால் ப்ரிசிஷன், 7 என்றால் ஜாஸ். கடைசி எழுத்து நட் (நெக்கின் மேல்முனையில் கம்பிகள் தங்கும் கட்டை) இருக்கும் இடத்தில் நெக்கின் அகலம்: ஏ என்றால் ஒடுங்கியது, ஜாஸுக்குரியது, சி என்றால் 1¾ அங்குலம், அதாவது சுமார் 44.5 மி.மீ. ஆகவே 5 என்று தொடங்கும் முத்திரையோடு ஒடுங்கிய நெக் வந்தால் அந்த அகலத்தை அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள். ‘ஏ’ எழுத்தோடு சில ப்ரிசிஷன்கள் வெளிவந்தது உண்மைதான், ஆனால் அவை அபூர்வம்.

மையையும் பாருங்கள். பழைய மை மரத்தின் இழைக்குள் ஊறி, ஓரம் கொஞ்சம் கசிந்திருக்கும். மேலே படிந்து கருப்பாகத் தெளிவாக நின்றால் சந்தேகப்படுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: இது நெக் செய்த தேதி மட்டுமே. முழுக் கிட்டார் சில வாரமோ சில மாதமோ கழித்துத்தான் வெளியே போயிருக்கும்.

படி 4: பாட் பேசும்

ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில் இருக்கும் பாகத்தைத்தான் பாட் என்கிறோம். ப்ரிசிஷனில் பிக்கார்டைத் தூக்கினால் தெரியும், ஜாஸில் உலோகக் கன்ட்ரோல் பிளேட்டைத் தூக்க வேண்டும். பாட்டின் முதுகிலோ விளிம்பிலோ எண்கள் இருக்கும். முதல் மூன்று எண் தயாரித்தவரைச் சொல்லும்: 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் சிடிஎஸ். அடுத்து வருடம், பிறகு வாரம்.

உதாரணமாக ‘304 6320’: ஸ்டாக்போல், 1963, 20ஆவது வாரம், அதாவது மே நடுப்பகுதி. மேலே பார்த்த நவம்பர் 63 நெக்கோடு இது அழகாகப் பொருந்தும். பாட் முன்பே வாங்கி இருப்பில் இருந்தது, நெக் வந்ததும் மாட்டினார்கள். ஐம்பதுகளில் வருடத்துக்கு ஒரே இலக்கம்தான், ‘304 731’ என்றால் 1957.

பாட் நெக்கைவிடக் கொஞ்சம் மூத்ததாக இருந்தால் இயல்பு. நெக்கைவிடப் பல வருடம் இளையதாக இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். இதில் ஒரு விதிவிலக்கு தெரிந்திருக்க வேண்டும். ஃபெண்டர் 1966இல் பாட்களைப் பெருமளவில் வாங்கிக் குவித்தது. 1969 வாக்கில்கூட அவற்றையே மாட்டிக்கொண்டிருந்தார்கள். 1968 பேஸில் 1966 பாட் இருந்தால் பயப்பட வேண்டாம்.

ஈயம் வைத்த இடங்களையும் உற்றுப் பாருங்கள். அசல் இணைப்பில் ஈயம் ஒரே தடவையில் உருகி மங்கியிருக்கும். மேலே மேலே வைத்த பளபளக்கும் குமிழிகள், பழுப்பேறிய பிசின், சுருங்கிய பிளாஸ்டிக் உறை தெரிந்தால் கை பட்டிருக்கிறது. அறுபதுகளின் பெரும்பகுதியில் மெழுகு ஊறிய துணி உறை வயர்தான். எண்ணை ஈயம் மறைத்திருந்தால் சுரண்டாதீர்கள். தொடாத இணைப்புக்கே தனி மதிப்பு உண்டு.

படி 5: பெயின்ட்

அனுபவம் அதிகம் தேவைப்படுவது இங்கேதான். ஒருமுறை ஒருவர் ‘1961’ என்று ஒரு சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிர், ஓரத்தில் அடர் நிறம்) ப்ரிசிஷனைக் கொண்டுவந்தார். நெக் சரி, பாட் சரி. பிக்கார்டைத் தூக்கியதும் ஓரத்தில் சின்ன ஆணி ஓட்டை ஒன்று தெரிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓட்டைக்குள் பெயின்ட் இறங்கி உறைந்திருந்தது. எனக்கு அந்த நொடியே மனம் விட்டுப்போனது. அந்தக் காலத்தில் பாடியைச் சின்ன ஆணிகளின்மேல் நிறுத்தி உலரவிட்டார்கள். பெயின்ட் காய்ந்த பிறகே ஆணியைப் பிடுங்கினார்கள். ஆகவே அசலில் ஓட்டைக்குள் வெறும் மரம்தான் தெரிய வேண்டும். உள்ளே பெயின்ட் இருந்தால் மறுபடி அடித்தது என்று பொருள். மரம் அசல்தான், பெயின்ட் இல்லை. சந்தையில் அதற்கு ஏறக்குறைய பாதி விலைதான். அவர் கொடுத்ததோ முழு விலை.

வெயில் படாத இடத்தையும் ஒப்பிடுங்கள். பிக்கார்டுக்கும், பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் மூடிக்கும் அடியில் நிறம் கொஞ்சம் அடர்த்தியாக இருக்க வேண்டும். வெளியே வெளிறிய சிவப்பு, மூடிக்கு அடியில் சிவப்பாகவே நிற்பது நல்ல அறிகுறி. புற ஊதா டார்ச் ஒன்று வைத்திருங்கள், விலை குறைவுதான். இருட்டறையில் அந்தக் காலத்துப் பூச்சான பழைய நைட்ரோசெல்லுலோஸ் மஞ்சள் பச்சையாக ஒளிரும். பிற்காலத்தில் பூசிய திட்டுகள் கருத்துத் தனியாகத் தெரியும். 1968 வாக்கில் தடித்த பாலியஸ்டர் அடிப்பூச்சு வந்ததால் அதற்குப் பிந்தைய கிட்டார்களில் இந்தச் சோதனை இவ்வளவு தெளிவாக இருக்காது.

படி 6: பிக்கார்டின் வாசனை

அறுபதுகளின் ஆமை ஓட்டு நிறப் பிக்கார்டு செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக், செல்லுலாய்டில் கற்பூரம் சேர்ந்திருக்கும். கழற்றிய பிக்கார்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் வேகமாகத் தேய்த்து உடனே முகர்ந்து பாருங்கள். பூஜை அறை வாசனை வந்தால் செல்லுலாய்டு. நெருப்பு காட்டிச் சோதிக்காதீர்கள், குப்பென்று பிடிக்கும். பழையது சுருங்கி ஸ்க்ரூக்களைச் சுற்றி இழுத்துக்கொண்டும் விளிம்பு வளைந்தும் இருக்கும்.

படி 7: மறுபதிப்பு

ஃபெண்டரே 1982 முதல் பழைய மாடல்களை மறுபடி செய்தது. அமெரிக்க மறுபதிப்பில் ‘வி’ எழுத்தில் எண் தொடங்கும், ஆரம்ப கால ஜப்பான் தயாரிப்பில் ‘ஜேவி’. இவை நல்ல கிட்டார்கள். பிளேட்டை மாற்றி, பெயின்டைத் தேய்த்து அறுபதுகள் என்று விற்பதுதான் பிரச்சினை. நெக் முத்திரையும் பாட் எண்ணும் அங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் 1965 ஜனவரியில் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு ஃபெண்டரை வாங்கியது. அதற்கு முந்தையவற்றுக்கே விலை எகிறுவதால் ‘64’ என்று சொல்லும் 66களை நிறையச் சந்திப்பீர்கள். 66 மோசமான கிட்டார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 64 விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

படி 8: படம் எடுங்கள், திருட்டுப் பொருளா என்று விசாரியுங்கள்

ஒவ்வொரு படியிலும் கண்டதைத் தேதி வாரியாகப் படமெடுத்து வையுங்கள். மரத்தின் இழையும் கீறலும் மாறாத அடையாளங்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி வைத்திருந்த, ஜெர்மானிய ஹோஃப்னர் நிறுவனத்தின் 1961 பேஸ் 1972இல் லண்டனில் திருடு போய், கிடைத்துவிட்ட செய்தி 2024இல் வெளியானது. அதை அடையாளம் காண ஹோஃப்னர் நிறுவனத்தாரே சோதித்தார்கள். மறுபூச்சு, மாற்றிய பாகம் என்று அதில் எல்லாமே இருந்தது. அசலாக எஞ்சியது என்ன என்பதைவிட அது எந்தக் கிட்டார் என்பதே அங்கே கேள்வி.

அமெரிக்க இசை நிறுவனமான மோடவுனின் பதிவுகளில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த 1962 ப்ரிசிஷன் 1983இல், அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு திருடு போனது. சன்பர்ஸ்ட், ஆமை ஓட்டுப் பிக்கார்டு. நெக் பாடியோடு சேரும் அடிப்பகுதியில் ‘ஃபங்க்’ என்று அவரே செதுக்கி நீல மை தீட்டியிருந்தார். அது இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே 1962 சன்பர்ஸ்ட் எதைப் பார்த்தாலும் சீரியல் எண்ணைப் படிப்பதற்கு முன்பே நான் அதைத் திருப்பி, நெக்கின் அடியை விரலால் தடவிப் பார்ப்பேன்.