கடல் உங்கள் பக்கம் வரட்டும்

மொரிஷியஸின் கிழக்குக் கரைச் சாலையில் காரில் போகிறீர்களா? கிராண்ட் ரிவியேர் சுதெஸ்டிலிருந்து தெற்கே மாஹேபூர் நோக்கி இறங்குங்கள், அதுவும் மதியத்துக்கு மேல். இங்கே வண்டி இடப்பக்கம் ஓடும்; தெற்கே போகும்போது கடலும் இடப்பக்கமே வரும். 1598இல் டச்சுக்காரர்கள் வந்திறங்கிய பழைய கிராண்ட் போர் கரையில் எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்டாமல் ஓரங்கட்டலாம். வெயில் மேற்கிலிருந்து விழுவதால் கடலைப் பார்க்கும்போது கண் கூசாது. படமும் நன்றாக வரும்.

காலையில் கிளம்பினால் வெளிச்சம் கைகொடுக்காது, ஓரங்கட்டும் வசதி மட்டும் மிஞ்சும். மழை நாளிலும் அப்படித்தான். அப்புறம், ரீயூனியனில் இதைச் செய்யாதீர்கள்: அங்கே வண்டி வலப்பக்கம் ஓடும், தீவை எதிர்த்திசையில் சுற்ற வேண்டும்.