மணிக்கட்டு எம்ஆர்ஐயில் ஜவ்வுக் கிழிசலைத் தேடுவது எப்படி?

கையை ஊன்றி விழுந்திருப்பார், எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்று அனுப்பியிருப்பார்கள், மாதம் ஒன்றாகியும் பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை என்று திரும்பி வருவார். இப்படி வருபவரின் எம்ஆர்ஐயைப் பார்க்கப் புதிதாகப் பழகுபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: எம்ஆர்ஐயைத் திறக்காதீர்கள், முதலில் பழைய எக்ஸ்ரேயை எடுங்கள். மணிக்கட்டின் சிறு எலும்புகளான ஸ்கேஃபாய்டுக்கும் லூனேட்டுக்கும் நடுவே 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் சந்தேகம் வரவேண்டும். சாதாரணப் படத்தில் தெரியாத இடைவெளி, முஷ்டியை இறுக்கி மூடச் சொல்லி எடுத்தால் சில சமயம் தெரியும். வலி எந்தப் பக்கம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: படம் பார்க்கும் தரத்தில் இருக்கிறதா? எலும்புகளைக் கட்டிவைக்கும் இந்த ஜவ்வுகள் (லிகமென்ட்) சில மி.மீ. அளவுதான். மணிக்கட்டுக்கென்றே உள்ள காயில் (சிக்னலைப் பிடிக்கும் கருவி), 2 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய வெட்டுகள், முடிந்தால் 3 டெஸ்லா வலிமையுள்ள காந்தம். குப்புறப் படுத்து கையைத் தலைக்கு மேல் நீட்டினால் மணிக்கட்டு காந்தத்தின் நடுவில் அமையும், படம் நன்றாக வரும். ஆனால் தோள் வலிக்காரர் அப்படி அசையாமல் கிடப்பது கஷ்டம், அசைந்தால் எல்லாம் கலங்கிவிடும்.

படி 3: டி1 படத்தில் (கொழுப்பு வெள்ளையாகத் தெரியும் எம்ஆர்ஐ வகை) எலும்பைப் பாருங்கள், எக்ஸ்ரேயில் தப்பிய முறிவு கருங்கோடாகத் தெரியலாம். அப்புறம் கொழுப்பை அடக்கிய படங்கள். அதில் நீர் வெள்ளை, நல்ல ஜவ்வு பெரும்பாலும் கறுப்பு. கிழிந்த இடத்தில் வெள்ளை உள்ளே புகுந்திருக்கும்.

படி 4: இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம், நானும் சறுக்கியிருக்கிறேன். ஸ்கேஃபாய்டையும் லூனேட்டையும் கட்டும் ஜவ்வு குதிரை லாடம் மாதிரி வளைந்தது: புறங்கைப் பக்கம் ஒரு பட்டை, உள்ளங்கைப் பக்கம் ஒரு பட்டை, இரண்டுக்கும் நடுவே மெல்லிய சவ்வு. எலும்புகளைப் பிடித்து வைப்பதில் பெரும்பங்கு புறங்கைப் பட்டைக்கு. நடுச் சவ்வில் வயதானால் வலியே இல்லாமல் ஓட்டை விழும். கொரோனல் (உள்ளங்கைக்கு இணையான வெட்டு) படம் ஒன்றில் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் 'கிழிசல்' என்று எழுதிவிடாமல், ஆக்சியலுக்கு (குறுக்கு வெட்டு) போய்ப் புறங்கைப் பட்டை முழுசாக இருக்கிறதா என்று ஒவ்வொரு வெட்டாகப் பாருங்கள். லூனேட்டுக்கும் அதன் சுண்டுவிரல் பக்கத்து எலும்பான டிரைக்குவெட்ரத்துக்கும் இடையிலுள்ள ஜவ்வில் கணக்கு தலைகீழ், அங்கே உள்ளங்கைப் பட்டைதான் பலசாலி.

படி 5: சுண்டுவிரல் பக்கம் வலி என்றால் டிஎஃப்சிசியைப் பாருங்கள், அதாவது அங்கே உள்ள முக்கோணக் குருத்தெலும்புத் தட்டும் அதைப் பிடித்திருக்கும் ஜவ்வுகளும் சேர்ந்த தொகுப்பு. அதன் நடுத்தட்டிலும் வயதால் ஓட்டை வரும். முன்கையின் சுண்டுவிரல் பக்க எலும்பான அல்னாவோடு ஒட்டும் வேர்ப்பகுதி பிய்ந்திருந்தால்தான் மூட்டு தளர்ந்துபோகும்.

படி 6: சஜிட்டலில் (பக்கவாட்டு வெட்டு) ஸ்கேஃபாய்டு, லூனேட் இரண்டின் அச்சுகளுக்கு இடையிலான கோணத்தை அளந்து பாருங்கள். 30 முதல் 60 டிகிரி வரை சரி. 70ஐத் தாண்டினால் லூனேட் புறங்கைப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் காயிலுக்குள் கை வளைந்திருந்தாலே பொய்யான சாய்வு தெரியும், எனவே நேராக வைத்து எடுத்த எக்ஸ்ரேயோடு ஒப்பிடுங்கள்.

இன்னும் குழப்பமா? படத்தில் வெள்ளையாகத் தெரியும் மருந்தான நீர்த்த கடோலினியத்தை மூட்டுக்குள் ஊசியால் செலுத்தி எடுக்கும் ஆர்த்ரோகிராம் உண்டு, மருந்து பக்கத்து மூட்டுக்குள் கசிந்தால் ஓட்டை உறுதி. அது எந்தப் பகுதியில் என்பதை அப்போதும் நாம்தான் தேடவேண்டும். பாதிக் கிழிசல் எம்ஆர்ஐயில் தப்பிவிடலாம் என்பதால், படம் சுத்தமாக இருந்தும் வலி விடவில்லை என்றால் ஆர்த்ரோஸ்கோப்பியில் (மூட்டுக்குள் சிறு கேமரா விட்டு) நேரில் பார்ப்பதுதான் வழி.