2.0 போடும் முன்: மேஜர் வெர்ஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் பராமரித்துவரும் சின்ன லைப்ரரி (மற்றவர்கள் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளும் தயார் நிரல்) ஒன்று இருக்கிறது. சிஎஸ்வி (கமாவால் பிரித்த அட்டவணை) கோப்பில் உள்ள தேதிகளைப் படித்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். அதற்கு மேல் அதற்கு வேலை கிடையாது. பிப்ரவரி 31 மாதிரி இல்லாத தேதி வந்தால் சத்தமில்லாமல் வெற்றிடத்தைத் திருப்பித் தரும். அது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, தப்பான தேதி வந்தால் எக்செப்ஷன் எறியும்படி, அதாவது பிழை சொல்லி ஓட்டத்தையே நிறுத்தும்படி மாற்றினேன். மொத்தம் நாலு வரி. 1.3 என்று இருந்ததை 1.4 ஆக்கி ரிலீஸ் செய்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

புதன்கிழமை ஒருவர் இஷ்யூ, அதாவது புகார், திறந்திருந்தார். "நாங்கள் எதையும் மாற்றவில்லை. ஆனால் இரண்டு நாளாக இரவு ரிப்போர்ட் வரவில்லை." அவருடைய கோப்பில் நாற்பதாயிரத்துச் சொச்சம் வரிகள். அதில் ஏதோ ஒரு வரியில் 31-02. முன்பாக இருந்தால் அந்த ஒரு கட்டம் மட்டும் காலியாக வந்திருக்கும். இப்போது மொத்த வேலையும் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. நாலு வரிதானே என்று நான் 1.4 போட்டது 2.0 ஆக, அதாவது முதல் எண் ஏறும் மேஜர் வெர்ஷனாக, இருந்திருக்க வேண்டியது.

நம் பக்கம் எவ்வளவு வேலை நடந்தது என்று பார்த்து எண்ணை முடிவு செய்வது, முதலும் பெரியதுமான தவறு. ஆறு மாதம் கண்விழித்து உள்ளே இருப்பதை எல்லாம் திருப்பி எழுதியிருப்போம். வெளியிலிருந்து கூப்பிடுகிறவருக்கு ஒன்றுமே மாறியிருக்காது. அதற்கு மேஜர் வெர்ஷன் தேவையில்லை. உழைப்புக்குப் பாராட்டு வேண்டுமென்றால் ரிலீஸ் குறிப்பில் நாலு பத்தி எழுதிக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது அந்தப் பக்கம்: மேம்படுத்தினால் யாருடைய நிரல் நிற்கும், அவர் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கும்?

நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பின் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர் எழுதிய செமான்டிக் வெர்ஷனிங் விதியும் இதைத்தான் சொல்கிறது. பழைய நிரலை உடைக்கும் மாற்றம் என்றால் முதல் எண் ஏறும். உடைக்காத புது வசதி என்றால் நடு எண். பக் (பிழை) திருத்தம் என்றால் கடைசி எண். இதை மனிதர்களைவிட இயந்திரங்கள்தான் அதிகம் படிக்கின்றன என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளை இறக்கித் தரும் என்பிஎம்மில் ஒருவர் கேரட் (^) குறி போட்டு 1.4.2 என்று எழுதியிருந்தால், 2.0.0-க்குக் கீழே எது வந்தாலும் எடுத்துக்கொள் என்று அதற்குப் பொருள். அதனால் உடைக்கும் மாற்றத்தை 1.5-க்குள் வைத்து அனுப்புவது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். யாரும் கேட்காமலே அது அவர்கள் இலையில் போய் விழும்.

சரி, எது உடைப்பு? இங்கேதான் விதிப் புத்தகம் கைவிட்டுவிடும். ஹைரம் விதி என்று ஒன்றைச் சொல்வார்கள், கூகுளில் இருந்த ஹைரம் ரைட்டின் பெயரால். பயன்படுத்துகிறவர்கள் போதுமான அளவு பெருகிவிட்டால், நாம் வாக்குக் கொடுத்தோமோ இல்லையோ, வெளியே தெரிகிற ஒவ்வொரு நடத்தையையும் யாரோ ஒருவர் நம்பிக்கொண்டிருப்பார். பிழைச் செய்தியில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினால்கூட, அந்தச் செய்தியைத் தேடிப் பிடிக்கும்படி எழுதிய நிரல் எங்காவது நிற்கும். அதற்கெல்லாம் மேஜர் போட ஆரம்பித்தால் வருடத்துக்கு இருபது மேஜர் வரும்; எண்ணுக்கு மதிப்பே இருக்காது. நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. ஆவணத்தில் எழுதியிருந்த நடத்தை மாறினால் தயங்காமல் மேஜர். ஆவணத்துக்கு மாறாக நடந்துகொண்டிருந்ததை ஆவணப்படி ஆக்கினால் அது பக் திருத்தம். ஆவணத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் வருஷக்கணக்காக அப்படித்தான் நடந்துவந்தது என்றால் அதுவும் வாக்குக் கொடுத்த மாதிரிதான். என் வெற்றிடம் இந்த மூன்றாவது வகை.

பைத்தான் மொழியின் பழைய பதிப்புக்கான ஆதரவை நிறுத்துவது மேஜரா என்று அடிக்கடி சண்டை நடக்கும். என் கட்சி, இல்லை. எந்தப் பைத்தானில் ஓடும் என்று தொகுப்பிலேயே குறித்துவிட்டால், பழைய பைத்தான் வைத்திருப்பவருக்கு, தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் தானாகவே பழைய வெளியீட்டை எடுத்துக் கொடுத்துவிடும். அவருக்கு எதுவும் உடையாது. கணக்கீட்டு லைப்ரரியான நம்பை 1.22-இல் பைத்தான் 3.7-ஐ விட்டது அப்படித்தான், நடு எண்ணிலேயே.

அப்புறம், "லினக்ஸ் பாருங்கள், சும்மா எண்ணை மாற்றவில்லையா?" என்று ஒரு வாதம் வரும். உண்மைதான். 2011 ஜூலையில் 2.6.39-க்கு அடுத்து 3.0 வந்தது. பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை, எண்கள் பெரிதாகிவிட்டன, அவ்வளவுதான் என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே சொல்லிவிட்டார். இணையத்தில் தரவைப் பரிமாறும் கருவியான கர்லும் அப்படித்தான்: 7.88 வரை போய்விட்டு, 2023 மார்ச் 20 அன்று தன் 25-வது பிறந்தநாளில் 8.0.0 ஆனது, யாருடைய நிரலையும் உடைக்கிற மாற்றம் அதில் இல்லை. (உடையாது என்று சொல்லி வெளியிட்ட அன்றே ஒரு பக் மாட்டி, அதே நாளில் 8.0.1-ம் வந்தது. பிறந்தநாள் ரிலீஸுக்குத் திருஷ்டி.) ஆனால் இவர்களைப் பார்த்து நாமும் சூடு போட்டுக்கொள்ளக் கூடாது. பயனர் நிரல்களை உடைக்க மாட்டோம் என்பது லினக்ஸ் கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பழைய சபதம். கர்லின் லைப்ரரியான லிப்கர்ல் 2006-லிருந்து பைனரி ஒத்திசைவை (பழையதோடு ஓடிய நிரல் திருத்தாமலே புதியதோடும் ஓடுவது) உடைக்கவில்லை. உடைத்தால் அதைச் சொல்வதற்கு நூலகக் கோப்பின் பெயரிலேயே தனி எண் வைத்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கை இருப்பதால்தான் அவர்களால் முதல் எண்ணோடு விளையாட முடிகிறது. அவர்களுக்கே அது முழுக்க இலவசமாக நடக்கவில்லை. கர்னல் பதிப்பு 2.6 என்றுதான் தொடங்கும் என்று எழுதி வைத்திருந்த நிரல்கள் 3.0-ஐக் கண்டு தடுமாறின. அவற்றுக்காக, கேட்டால் 2.6.40 என்று பொய் சொல்லும் வழி ஒன்றையே கர்னலுக்குள் வைக்க வேண்டியிருந்தது.

அடுத்த தவறு, அண்ணன் கல்யாணத்தோடு தங்கச்சி காதுகுத்தையும் முடித்துக்கொள்வது. எப்படியும் 2.0 போடுகிறோம், இதையும் மாற்றிவிடுவோம், அதையும் மாற்றிவிடுவோம் என்று மனதில் இருந்த குறை எல்லாம் உள்ளே ஏறும். இதற்குப் பைத்தான் 3-ஐவிடப் பெரிய பாடம் இல்லை. அந்த உடைப்புக்கு நியாயமான காரணம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பைத்தான் 2-இல் 'அம்மா' என்று ஒரு சரம் எழுதி நீளம் கேட்டால் 15 என்று வரும். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் அந்தச் சொல்லுக்கு 15 பைட். அது பைட்டைத்தான் எண்ணியது. பைத்தான் 3-இல் 5 என்று வரும். நம் கணக்குப்படி மூன்று எழுத்துதான் என்றாலும், 15-க்கு இது எவ்வளவோ மேல். எழுத்தையும் பைட்டையும் பிரிக்காமல் இதைச் சரிசெய்ய முடியாது. பிரித்தால் பழைய நிரல் உடையாமல் இருக்காது. மேஜர் வெர்ஷனுக்கு இதைவிடத் தகுதியான காரணம் கிடைக்காது.

ஆனால் 2008 டிசம்பரில் 3.0 வந்தபோது இதோடு தேவையில்லாததும் கூட வந்தது. யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீடு) சரங்களுக்கு முன்னால் போட்டுவந்த யு எழுத்தைப் பிழையாக்கிவிட்டார்கள். அந்த எழுத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. அது இல்லாமல் போனதால் ஒரே நிரலை 2-லும் 3-லும் ஓடவிடுவது கஷ்டமாகிவிட்டது. டூடூத்ரீ (2to3) என்ற கருவியால் ஒருமுறை மாற்றிவிட்டு எல்லோரும் புது வீட்டுக்குக் குடிபோய்விடுவார்கள் என்பது திட்டம். ஆனால் லைப்ரரி எழுதுகிறவர்களின் பயனர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். அவர்களுக்கு இரண்டு வீட்டு வாடகையையும் கட்ட வேண்டிய நிலை. 2012-இல் 3.3-இல் யு திரும்பி வந்தது. 3.0-இல் எடுத்துவிட்ட, பைட்டுகளுக்குள் மதிப்புகளை இட்டு நிரப்பும் சதவீதக் குறி வசதி 2015-இல் 3.5-இல் திரும்பியது. 2015-இல் முடிந்திருக்க வேண்டிய 2.7-இன் ஆயுள் 2020 வரை நீட்டிக்கப்பட்டது. பதினோரு வருடத்தைத் தின்றது பெரிய மாற்றம் மட்டும் இல்லை, பாலம் போடாததும்தான்.

பாலம் எப்படிப் போடுவது என்று, இணையதளம் கட்டும் மென்பொருளான ட்ரூபலைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், அவர்களும் அடிபட்டுத்தான் கற்றார்கள். 2015 நவம்பரில் வந்த ட்ரூபல் 8, சிம்ஃபனி என்ற வெளி நிரல்தொகுப்பின் பாகங்களின் மேல் கிட்டத்தட்டப் புதிதாகக் கட்டியது. 7-க்கு எழுதிய மாட்யூல்களைத் (கூடுதல் வசதி நிரல்கள்) திருத்தி எழுத வேண்டியிருந்தது. 7-க்கான ஆதரவை 2025 ஜனவரி வரை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்த மேஜருக்கு வழியையே மாற்றிக்கொண்டார்கள். 9-இல் எடுக்கப்போவதை எல்லாம் 8-இன் நடு வெளியீடுகளிலேயே "இது போகப்போகிறது" என்று எச்சரித்து, மாற்றையும் பக்கத்திலேயே வைத்தார்கள். 2020 ஜூன் 3 அன்று 8.9-ம் 9.0-ம் ஒரே நாளில் வந்தன. எச்சரித்த பழைய பகுதிகளை நீக்கியதும், சார்ந்திருந்த வெளிப் பாகங்களைப் புதுப்பித்ததும்தான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். எச்சரிக்கைகளைச் சரிசெய்து வைத்திருந்த மாட்யூல் இரண்டிலும் ஓடியது. மேஜர் ரிலீஸ் இப்படிச் சலிப்பூட்டுவதாக இருந்தால் பராமரிப்பவருக்கும் பயனருக்கும் நல்லது.

தயாராகாத ஒன்றுக்கு .0 போட்டுவிட்டு, "இது இன்னும் எல்லோருக்கும் இல்லை" என்று சின்ன எழுத்தில் சொல்வது இன்னொரு வகை. 2008 ஜனவரியில், லினக்ஸுக்கான மேசைச் சூழலான (திரை, ஜன்னல், மெனு எல்லாம்) கேடிஇ 4.0 வந்தபோது இதுதான் நடந்தது. அடித்தளம் தயார், மேசைச் சூழல் இன்னும் வளர வேண்டும் என்று குழுவினர் சொல்லத்தான் செய்தார்கள். லினக்ஸைத் தொகுத்துத் தரும் விநியோகங்கள் சில எண்ணைப் பார்த்தன, 3.5-ஐ எடுத்துவிட்டு 4.0-ஐ வைத்தன. லினஸே போட்டி மேசைச் சூழலான க்னோமுக்கு மாறிப் போனார். சின்ன எழுத்தை யாரும் படிப்பதில்லை. பீட்டா என்றால் எண்ணிலேயே பீட்டா என்று இருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிராக, பயந்துகொண்டு 0-விலேயே உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. 0 என்றால் எப்போது வேண்டுமானாலும் எதையும் மாற்றலாம் என்று விதி அனுமதிக்கிறது. அந்தச் சுகத்தை விட மனம் வராது. வலைப்பக்கம் கட்டும் லைப்ரரியான ரியாக்ட் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோதும் 0.14 என்றே இருந்தது. 2016-இல் அடுத்ததற்கு 15.0 என்று பெயர் வைத்து ஒப்புக்கொண்டார்கள். உடைத்தால் யாராவது வந்து சண்டை போடுவார்கள் என்றால் நீங்கள் ஏற்கெனவே 1.0-தான்.

அந்த ரிப்போர்ட்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அன்றே 1.4.1 போட்டு வெற்றிடத்தைத் திருப்பிக் கொண்டுவந்தேன். எக்செப்ஷன் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு விருப்பத்தேர்வு வைத்தேன். 1.5-இல், எதையும் தேர்ந்தெடுக்காதவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை. எட்டு மாதம் கழித்து 2.0, அந்த ஒரே மாற்றத்தோடு. 3.0-க்கு என்று இப்போது ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். ஏழு வரி இருக்கிறது. அதில் ஐந்து, செயற்கூறுகளின் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் எழுதி வைத்தது. அந்த ஐந்தையும் போன வாரம் அடித்துவிட்டேன்.