டொராண்டோவுக்குள்ளயே ஃபால் கலர்ஸ் பாக்கறது எப்படி? (புதுசா வந்தவங்களுக்கு)

செப்டம்பர் கடைசி ஆச்சுன்னா வாட்ஸ்அப் குரூப்ல ஒரே கேள்விதான், "ஃபால் கலர்ஸ் (இலையுதிர் காலத்துல இலை மஞ்சளும் செவப்புமா மாறறது) பாக்க எங்க போலாம்?" உடனே நாலு பேரு மூணு மணி நேரம் வண்டி ஓட்டிப் போற இடமா சொல்லுவாங்க. நானும் வந்த முதல் வருஷம் அப்படித்தான், தேங்க்ஸ்கிவிங் லாங் வீக்கெண்ட், ரெண்டு குடும்பம், ஒரே வேன், புளிசாதம் தயிர்சாதம் எல்லாம் கட்டிக்கிட்டு வடக்க கிளம்பினோம். ஹைவேலயே அஞ்சு மணி நேரம் போச்சு, பார்க்கிங் ஃபுல்லு, எப்படியோ உள்ள போய் பாத்தா மேப்பிள் இலை பாதிக்கு மேல தரைல கிடக்கு. புளிசாதத்த கேஸ் ஸ்டேஷன் ஓரமா நின்னு சாப்ட்டுட்டு ராத்திரி ஸ்கார்பரோ (டொராண்டோவோட கிழக்குப் பகுதி, எங்க வீடு அங்கதான்) திரும்பினோம். மறுநாள் காலைல பால்கனில நின்னு பாத்தா பில்டிங் பின்னாடி இருக்கற பள்ளத்துல அப்பதான் செவக்கவே ஆரம்பிச்சிருக்கு!

அதனால இந்த போஸ்ட்ல சிட்டிக்கு வெளிய ஒரு இடம் கூட சொல்லப்போறதில்ல.

ஸ்டெப் 1: தேதிய சரியா பிடிங்க

வடக்க அல்கான்குவின் பார்க் பக்கம் சுகர் மேப்பிள் செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரத்துலயே உச்சத்துக்கு வந்துடும். டொராண்டோவுக்கு ஒன்டாரியோ ஏரி பக்கத்துலயே இருக்கு, அது கோடைல வாங்கின சூட்ட அவ்வளவு சீக்கிரம் விடாது, அதனால இங்க அக்டோபர் நடுவுலேந்து கடைசி வரைக்கும்தான் சீசன். லாங் வீக்கெண்ட் அக்டோபர் ரெண்டாவது திங்கள் வருது, அதுக்கு அடுத்த ரெண்டு வாரத்த காலியா வச்சுக்குங்க. ஒன்டாரியோ பார்க்ஸ் சைட்ல ஃபால் கலர் ரிப்போர்ட் போடுவாங்க, அதுல எத்தன சதவீதம் நிறம் மாறியிருக்குன்னு இருக்கும், வடக்க முடிஞ்சுதுன்னா அடுத்தது நம்ம டர்ன்னு புரிஞ்சுக்கலாம்.

இன்னொண்ணு, ஒரே நாள்ல எல்லாத்தையும் பாத்துடணும்னு நினைக்காதீங்க. ஒரே ட்ரெயிலுக்கு (மரங்களுக்கு நடுவுல நடக்கற பாதை) பத்து நாள் விட்டு மூணு தடவ போங்க, மூணு தடவையும் வேற இடம் மாதிரி இருக்கும்.

ஸ்டெப் 2: ஏன் மாறுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்குங்க

எங்க அம்மா முதல் தடவ வந்தப்ப கேட்டாங்க, "என்னடா எல்லா மரமும் பட்டுப் போச்சா?" பட்டுப் போகல. பகல் குறையக் குறைய இலைல இருக்கற பச்சையம் உடைஞ்சு போயிடும், அடியில ஏற்கனவே இருந்த மஞ்சள் வெளிய தெரியும். செவப்பு அப்படி இல்ல, அத இலை இந்த சமயத்துல புதுசா தயார் பண்ணுது, பேரு ஆந்தோசயனின். மாந்தளிர் செவப்பா இருக்கறதும் அதே சரக்குதான், நம்ம ஊர்ல பொறக்கறப்ப செவக்குது, இங்க போறப்ப செவக்குது, அவ்ளோதான். நாட்டு வாதாம் மரம் உதிர்க்கறதுக்கு முன்னாடி செவக்கறத பாத்திருப்பீங்கல்ல, அத ஒரு ஊரு முழுக்க நினைச்சுப் பாருங்கன்னு சொன்னப்புறம்தான் அம்மாவுக்கு சமாதானம் ஆச்சு.

பகல்ல நல்ல வெயில், ராத்திரி உறையாத அளவுக்கு குளிர், இப்படி ஒரு வாரம் வந்தா செவப்பு அள்ளும். பெரிய காத்தும் மழையும் வருதுன்னு ஃபோர்காஸ்ட் சொன்னா அதுக்கு முந்தின நாளே போயிடுங்க.

ஸ்டெப் 3: நாலு மரம் அடையாளம் தெரிஞ்சா போதும்

முதல்ல மாறறது சூமாக். குட்டை மரம், ஹைவே ஓரம் எல்லாம் இருக்கும், செப்டம்பர்லயே ரத்த செவப்பு. அடுத்து சுகர் மேப்பிள், ஒரே மரத்துல மஞ்சள் ஆரஞ்சு செவப்பு மூணும் இருக்கும். ஓக் ரொம்ப லேட்டு, அக்டோபர் கடைசில துரு நிறம். நாலாவது நார்வே மேப்பிள், தெருவெல்லாம் நட்டு வச்சிருக்காங்க, இது நவம்பர்லதான் மஞ்சளாகும்.

சுகர் மேப்பிளுக்கும் நார்வே மேப்பிளுக்கும் இலை கிட்டத்தட்ட ஒண்ணு போலதான் இருக்கும், நான் ரெண்டு வருஷம் மாத்தி மாத்தி சொல்லிட்டிருந்தேன். ஈஸியான வழி இருக்கு, உங்க தெருவுல இருக்கற மரத்துல இன்னும் பச்சையா இருக்கற இலை ஒண்ண காம்போட கிள்ளுங்க. எருக்கு இலைய கிள்ளினா வருமே அது மாதிரி வெள்ளையா பால் கசிஞ்சா அது நார்வே. தண்ணி மாதிரி தெளிவா இருந்தா சுகர் மேப்பிளா இருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்டெப் 4: இடம்

என் ஓட்டு ரூஜ் நேஷனல் அர்பன் பார்க்குக்குத்தான். 79 சதுர கிலோமீட்டர், கனடாவோட முதல் நேஷனல் அர்பன் பார்க், நுழைவுக் கட்டணம் கிடையாது, டொராண்டோ சூவுக்கு (மிருகக்காட்சி சாலை) பக்கத்துலயே ட்ரெயில் ஆரம்பிக்குது, கார் இல்லாதவங்க அங்க போற டிடிசி (டொராண்டோ டவுன் பஸ்) பஸ்லயே வந்துடலாம். புதுசா போறவங்க விஸ்டா ட்ரெயில் எடுங்க, ஒரு பக்கத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர்தான், வழியில மரப்பலகையால கட்டின ஒரு மேடை இருக்கு, அதுல ஏறி நின்னா கீழ பள்ளத்தாக்கு முழுக்க விரிச்சுப் போட்ட ஜமுக்காளம் மாதிரி தெரியும். கொஞ்சம் மூச்சு வாங்கினாலும் பரவால்லன்னா மாஸ்ட் ட்ரெயில், 200 வருஷத்துக்கு முன்னாடி கப்பல் பாய்மரத்துக்கு மரம் வெட்டி இழுத்துட்டுப் போன பாதை அது. சில சமயம் ட்ரெயில மூடி வச்சிருப்பாங்க, கிளம்பறதுக்கு முன்னாடி பார்க்ஸ் கனடா சைட்ட ஒரு தடவ பாத்துடுங்க.

டவுன்டவுன் பக்கம் இருக்கறவங்களுக்கு பிரிக் வொர்க்ஸ். 1889ல ஆரம்பிச்ச செங்கல் சூளை, மண்ணு தோண்டின குழியெல்லாம் இப்ப குளம். மேல ஏறிப் போற பாதைலேந்து பாத்தா மஞ்சள் மரங்களுக்குப் பின்னாடி சிஎன் டவர் நிக்கும். ஹை பார்க், சப்வே ரயில் ஸ்டேஷன்லேந்து இறங்கினா எதுத்தாப்ல, ஆனா அங்க ஓக்தான் ஜாஸ்தி, அதனால கடைசியா போங்க, வீக்கெண்ட்ல உள்ள காரும் விடமாட்டாங்க. ஊர்லேந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, முட்டி வலி, இல்ல கைக்குழந்தை ஸ்ட்ரோலர்ல இருக்குன்னா எட்வர்ட்ஸ் கார்டன்ஸ், தார் போட்ட பாதை, ஓடை, உக்கார பெஞ்சு, எல்லாம் இருக்கு.

ஸ்கார்பரோக்காரங்க மார்னிங்சைட் பார்க்க விட்டுடாதீங்க. சீசன் ஆரம்பத்துல போனா ஹைலேண்ட் க்ரீக்ல சால்மன் மீன் எதிர்நீச்சல் போட்டு மேல ஏறிட்டிருக்கும், பசங்க இலையவே மறந்துடுவாங்க.

ஸ்டெப் 5: கிளம்பறதுக்கு முன்னாடி

ஈர இலை மேல கால் வச்சா சோப்பு மேல வச்ச மாதிரி வழுக்கும், கிரிப் இருக்கற ஷூ கண்டிப்பா வேணும், செருப்பு வேணாம். ஜாக்கெட் ஒண்ணு தடியா போடறத விட மெல்லிசா ரெண்டு போடுங்க, மேடு ஏறினா வேர்க்கும், நின்னா குளிரும். அக்டோபர் கடைசில ஆறு மணிக்கு மேல சீக்கிரமே இருட்டிடும், சாயங்காலம் நாலரைக்கு மேல புது ட்ரெயில் ஆரம்பிக்காதீங்க.

ரூஜ்லயும் மார்னிங்சைட்லயும் லைம் நோய் பரப்பற உண்ணி இருக்கு, குளிர்காலம் வந்தா செத்துடும்னு நினைக்காதீங்க, 4 டிகிரிக்கு மேல இருந்தாலே சுத்தும். பேன்ட்ட சாக்ஸுக்குள்ள சொருகிக்குங்க, பாக்க கேவலமாதான் இருக்கும், பரவால்ல. வீட்டுக்கு வந்ததும் குளிச்சுட்டு முட்டிக்குப் பின்னாடி, அக்குள், பசங்க தலை எல்லாம் பாருங்க.

அடுத்தது பாய்சன் ஐவி. போன வருஷம் என் பையன் பாதை ஓரமா குனிஞ்சு, "அப்பா இது எவ்ளோ ரெட்டு பாருங்க"ன்னு பறிக்கப் போனான். ஒரே காம்புல மூணு இலை, நடு இலைக்கு மட்டும் காம்பு நீளம். கைய தட்டி விட்டேன், அவனுக்கு ஒரே அழுகை. அந்த செடியும் ஃபால்ல அழகா செவக்கும், காஞ்ச இலைல கூட எண்ணெய் இருக்கும், பட்டா கொப்புளம் கிளம்பி வாரக்கணக்குல அரிக்கும். எப்படியும் ரூஜ்லேந்து எதையும் எடுத்துட்டு வரக்கூடாதுன்னு ரூல் இருக்கு, ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு இலை வேணும்னா உங்க தெருவுலயே பொறுக்கிக்குங்க.

ஸ்டெப் 6: போட்டோ

எல்லாரும் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கணும்னு சொல்லுவாங்க, இதுக்கு மட்டும் அத தூக்கிப் போடுங்க. சூரியனுக்கும் உங்களுக்கும் நடுவுல இலை இருக்கற மாதிரி நில்லுங்க, ஒவ்வொரு இலையும் விளக்கு வச்ச மாதிரி நரம்போட தெரியும். மேகமூட்டமா இருந்தாலும் கவலைப்படாதீங்க, வானத்த ஃப்ரேம்ல விடாம இலைய மட்டும் எடுங்க, மழை விட்ட உடனே எடுத்தா இன்னும் நல்லா வரும்.

இதெல்லாம் தவற விட்டவங்களுக்கு நவம்பர் முதல் வாரம் தெருவுல நார்வே மேப்பிள் மஞ்சளா நிக்கும், ஜன்னல்லேந்தே பாத்துக்கலாம். தனி வீட்டுல இருக்கறவங்க மட்டும் யார்டு வேஸ்ட் பேப்பர் பை பத்து வாங்கி வச்சுக்குங்க, அத்தனையும் கூட்டி அள்ளப்போறது நீங்கதான்.