கிரெடிட் கார்டு: கல்லூரியில் படிக்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

போன மாதம் நான் படித்த கல்லூரியின் ஹாஸ்டலுக்குப் போயிருந்தேன். இறுதியாண்டு மாணவர் ஒருவர் தன் கார்டு ஸ்டேட்மென்டைக் காட்டினார். "மாசாமாசம் தவறாம கட்டுறேன் அண்ணா, கடன் மட்டும் குறையவே மாட்டேங்குது." பத்து வருடத்துக்கு முன் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஓடிபியைச் சொல்லாதீர்கள், தேதியை மறக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். பிள்ளைகள் மாட்டுவது வேறு இடத்தில்.

மினிமம் ட்யூ மட்டும் கட்டுவது

எங்கள் படிப்புக்காக அப்பா என் பேரில் வங்கியில் போட்டிருந்த எஃப்டியை, அதாவது நிரந்தர வைப்புத் தொகையை, ஈடாக வைத்துக் கார்டு வாங்கினேன். சம்பளம் இல்லாத மாணவருக்குப் பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கும். 40,000 ரூபாய்க்கு லேப்டாப். பில்லில் மினிமம் ட்யூ, அதாவது அந்த மாதம் கட்டாயம் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை, 2,000 என்றிருந்தது. அதைக் கட்டினால் போதும் என்று நம்பிவிட்டேன்.

கணக்கைப் பாருங்கள். வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது வருடத்துக்கு 42. நிலுவை 40,000 என்றால் ஒரு மாத வட்டி 1,400. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 252. நீங்கள் கட்டும் 2,000-இல் கடன் குறைவது வெறும் 348 ரூபாய்!

இன்னொன்றும் உண்டு. பாக்கி வைத்தால் வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகையே போய்விடும். லேப்டாப்புக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி போடுவார்கள். அப்புறம் கார்டைத் தேய்த்துச் சாப்பிடுகிற பரோட்டாவுக்கும் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும். மினிமம் மட்டும் கட்டினால் கடன் வருடக்கணக்கில் இழுக்கும் என்று ஸ்டேட்மென்டிலேயே எச்சரிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த வரியைத் தேடிப் படியுங்கள். கார்டு கொடுத்தபோது இதை ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. கடைசியில் எஃப்டியை உடைத்துத்தான் வங்கி பாக்கியை எடுத்துக்கொண்டது. தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு அப்பா வெளியே கடன் வாங்கினார்.

கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுப்பது

வேண்டவே வேண்டாம். எடுத்த நாளிலிருந்தே வட்டி, தனியாகக் கட்டணமும் உண்டு.

நண்பனுக்காகத் தேய்ப்பது

அவன் கொடுக்காவிட்டால் அடிபடுவது உங்கள் சிபில் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுவீர்களா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்.

வீட்டில் மறைப்பது

நான் எட்டு மாதம் மறைத்தேன். அந்த எட்டு மாதமும் வட்டி ஏறியது. ஹாஸ்டல் மாணவரும் எஃப்டியை வைத்துத்தான் கார்டு வாங்கியிருந்தார். அதற்குக் கிடைப்பது 7 சதவீதம் அளவுக்கு வட்டி, கார்டுக்குக் கட்டுவது 42. இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் காட்டினேன். அன்று ராத்திரியே அப்பாவுக்குப் போன் செய்தார். மறுநாள், எஃப்டியிலிருந்தே மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.